நல்லா வந்திருக்குங்க

போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: மனுஷன் ஊரில் எல்லார் மூஞ்சியையும் சரியாக அடையாளம் சொல்லுவான், தன் மூஞ்சியைத் தவிர. கடையிலும் கவுண்டரிலும் நின்று ஜனங்களைச் சமாளிக்கிற நீங்கள் எல்லாரும் என் கட்சி என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாவதில் எனக்குக் கணக்குப் போய்விட்டது. மறுபடி எழுத இஷ்டமில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவில், பெண்கள் கூச்சமில்லாமல் வந்து உட்கார ஒரு பொண்ணு வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். "இந்த வேலையும் போச்சுன்னா நேரா கிருஷ்ணகிரி டுடோரியல்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே வேலை போகக் கூடாது. அது எனக்குப் புரிந்தது, என் வாய்க்குப் புரியவில்லை.

சட்டை மட்டும் சரி

போச்சம்பள்ளிக் கம்பெனிக்காரர் ஒருத்தர் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வந்து கவரைப் பிரித்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "இது நான் இல்லை" என்றார். "நீங்கதாங்க. காலர்ல டீக்கறை கூட அப்படியே இருக்குது பாருங்க" என்றேன். "எனக்கு மூக்கு இவ்வளவு பெருசா?" என்றார். "நேர்ல இன்னும் கொஞ்சம் பெருசுங்க." கேட்டார், சொன்னேன்.

அவர் முனிராஜ் அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன்தான் முதலாளி. கேமரா, இருட்டறை, டச்சப் எல்லாம் அவரே. அவரிடம் இவர் சொன்னது: "சட்டை என்னுதுதாங்க. மூஞ்சிக்குச் சொந்தக்காரர் வந்தா அவருகிட்டக் குடுத்துடுங்க."

ஒரே ஒரு வாக்கியம்

அவர் போனதும் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. இனிமேல் யார் எதைக் காட்டிக் கேட்டாலும் "நல்லா வந்திருக்குங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார். "கண்ணு மூடியிருந்தா?" என்றேன். "நல்லா வந்திருக்குங்க." "தலை பாதி கட்டாகியிருந்தா?"

"தலையை வெட்டினது நானு. அதுக்கும் அதேதான். ஒரு வார்த்தை மாறிச்சுன்னா நாளையிலிருந்து நீ வர வேணாம் பாப்பா."

கோட்டு

எங்களிடம் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. யாரோ ஆறடி ஆளுக்குத் தைத்தது. ஒல்லியானவர்கள் போட்டால் முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து, துணி காயப்போடுகிற கிளிப் நாலு மாட்டுவேன். முன்னால் பார்த்தால் ஆபீசர், பின்னால் பார்த்தால் கொடிக்கயிறு. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த டிப்ளமோ அண்ணன்கள் எல்லாரும் அதே கோட்டில்தான் சூப்பர்வைசர் வேலைக்கு மனுப் போட்டார்கள்.

ஒரு நாள், ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற ஆபீசரே வந்து நின்றார். பையிலிருந்து ஒரு கொத்து போட்டோவை எடுத்துக் கவுண்டரில் சீட்டு மாதிரி பரப்பினார். எல்லாக் கோட்டிலும் இரண்டாவது பொத்தான் இல்லை. "என்னம்மா இதெல்லாம்?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க" என்றேன். ஆபீசர் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணு எடுக்கணும். அந்தக் கோட்டு இப்ப சும்மாதானே இருக்குது?"

மூணு பாஷை

நாட்றாம்பாளையத்திலிருந்து ஒருத்தர் பேங்க் லோனுக்குப் போட்டோ எடுக்க வந்தார். நட்டு வைத்த கல் மாதிரி உட்கார்ந்தார். சிரிக்க வை என்று அண்ணன் ஜாடை காட்டினார். "கொஞ்சம் சிரிங்க" என்றேன். அசையவில்லை. கன்னடக்காரரோ என்று "ஸ்வல்ப நகி" என்றேன். தெலுங்கோ என்று "நவ்வண்டி" என்றேன். அவர் நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

"மூணு பாஷையும் எனக்கு வரும் பாப்பா. சிரிக்கற மாதிரி நீ இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

முடி யாருடையது

சீனிவாசன் என்று ஒரு ஃபிட்டர், பெண் வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுத்தார். அவருக்கு நெற்றி உச்சந்தலை வரைக்கும் போகும். அண்ணன் மெல்லிய பிரஷ்ஷும் கறுப்பு மையும் எடுத்துப் பிரிண்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் தலை நிறைய முடி. நானும் "நல்லா வந்திருக்குங்க" என்றேன். அது பொய்யில்லை. வரைந்தது நன்றாகத்தான் வந்திருந்தது.

பதினைந்து நாள் கழித்து, கம்பெனி யூனிஃபார்மில் ஒரு அக்கா அதே போட்டோவோடு வந்தார். பின்னால் எங்கள் முத்திரை. "சிங்காரப்பேட்டையில எங்க வீட்டுக்கு வந்த போட்டோ இது. நேர்லயும் இவரு இப்படித்தான் இருப்பாரா?" அக்காவுக்குப் பின்னால் நின்று அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நல்லா..." என்று ஆரம்பித்தேன். மீதி வரவில்லை. மூக்கு விஷயம் என்றால் அந்தப் போச்சம்பள்ளிக்காரரோடு போச்சு. இந்தத் தலையை ஒருத்தர் ஆயுசு முழுக்கப் பார்க்க வேண்டும். "மூஞ்சி அவருதுங்க்கா. முடி எங்கண்ணன் வரைஞ்சது" என்றேன். டுடோரியல் பெஞ்சு கண்ணுக்குத் தெரிந்தது.

அக்கா விரலில் எச்சில் தொட்டு அந்த முடியில் தேய்த்தார். விரல் கறுத்தது. சிரித்துவிட்டார். முன்பல் இரண்டும் அப்போதுதான் வெளியே வந்தன. "நான்தாம்மா பொண்ணு. இந்தப் பல்லுக்குப் பயந்து எங்க ஊர் ஸ்டுடியோவில வாயை மூடச் சொல்லி எடுத்து அனுப்பிட்டாங்க. அவரை வரச் சொல்லு. ரெண்டு பேரும் உள்ளபடியே ஒண்ணு எடுத்துக்கறோம், அப்புறம் பேசிக்கலாம்."

சுவரில் இருக்கிறவர்

வந்தார்கள். அவர் தலை மின்னியது, அக்கா பல் மின்னியது, கல்யாணம் முடிவாகி, கல்யாணப் போட்டோவும் எங்களுக்கே வந்தது. ஆனால் என் வேலை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அண்ணன் சொல்லவே இல்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை.

ஒரு சாயங்காலம், கவுண்டருக்கு மேலே மாட்டியிருக்கிற தன் பழைய படத்துக்குக் கீழே வந்து நின்றார். படத்தில் அண்ணனுக்குச் சுருள் முடி, ஒட்டிய வயிறு. கீழே நிற்கிறவருக்கு இரண்டும் கிடையாது. "உண்மையைச் சொல்லு பாப்பா. நான் இன்னமும் இப்படித்தானே இருக்கேன்?" என்றார். அப்பாவையும் கணக்கு வாத்தியாரையும் நினைத்துக்கொண்டேன். "நல்லா வந்திருக்குங்கண்ணா" என்றேன்.

படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு. அந்தக் கோட்டுக்குப் பொத்தான் தைக்கணும்."

அத்தனை உண்மை பேசியும் ஊசலாடிக்கொண்டிருந்த என் வேலை, ஒரே ஒரு பொய்யில் நிலைத்துவிட்டது.