உடுவில் உள்வீதிப் பஸ்

தர்சிகாவின் வேலை வாகனப் புகையை அளப்பது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்து வான் ஏதாவது ஒரு சந்தியில் போய் நிற்கும். பொலிஸ்காரர் கரும்புகை கக்குகிற வாகனத்தை மறித்து ஓரங்கட்டுவார். இவள் கருவியின் குழாயைப் புகைக்குழலுக்குள் செருகிவிட்டு, "அக்சிலேற்றரை முழுக்க அமத்துங்கோ" என்பாள். புகை முகத்துக்கே வரும். வயது நாற்பது தாண்டிவிட்டது. பொழுதுபடும்போது தொண்டை கட்டிப்போய் வீட்டில் யாரோடும் கதைக்கப் பிடிக்காது.

அவளுடைய தகப்பன் லொறி திருத்துகிறவர். சண்டைக் காலத்தில் பெற்றோலும் டீசலும் யாழ்ப்பாணத்துக்கு வராமல் இருந்தபோது மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர். புகை வந்தால் எஞ்சின் உயிரோடு இருக்கிறது என்று சனம் சந்தோசப்பட்ட வருடங்கள் அவை. மகள் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறிமுறை படித்தாள். இந்த வேலை கிடைத்தபோது ஊரின் காற்றைச் சுத்தமாக்கப்போகிறோம் என்று மனமார நம்பினாள். வருடக்கணக்காக வெயிலில் நின்றதில் அந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது. வேலை மட்டும் மிஞ்சியது.

உடுவிலில் அவள் இருப்பது உள்வீதியில். அந்த வீதியால் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஒரேயொரு பஸ்தான் ஓடியது. சீவரத்தினத்தின் பழைய மினிபஸ். அவரே முதலாளி, அவரே சாரதி. தர்சிகா வேலைக்குப் போவதும் அதில்தான். பக்கத்து வீட்டுச் சுவர்ணா, பட்டணத்தில் புடவைக்கடையொன்றில் வேலைக்கு நிற்பவள், தர்சிகாவுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பாள்.

போன வருடம் பங்குனியில் ஒருநாள் பரிசோதனை கொக்குவிலில் நடந்தது. முற்பகல் பொலிஸ்காரர் மறித்தது அவள் காலையில் வந்த அதே பஸ்ஸை. தர்சிகா குழாயை எடுத்துக்கொண்டு கிட்டப் போனாள். சீவரத்தினம் யன்னலால் தலையை நீட்டினார்.

"என்ன பிள்ளை, காலமை இதிலைதானே வந்தனீ?"

"ஓம் அண்ணை. இப்ப வேலையிலை நிக்கிறன்."

"அப்ப செய். நான் என்ன சொல்லுறது?"

அவர் அமத்தினார். சந்தி கறுத்தது. பின்சீற்றில் இருந்தவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். கருவி காட்டிய அளவு, அனுமதித்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடிய வித்தியாசம் இல்லை. திருத்திக் காட்டும்வரை ஓடக்கூடாது என்று கட்டளை எழுதிக் கொடுத்தாள்.

சீவரத்தினம் சத்தம் போடவில்லை. "எஞ்சினை முழுக்க இறக்கவேணும், பிள்ளை. இதுக்குச் சாமான் இப்ப ஒரு இடமும் இல்லை. முழங்கால் நோவோடை எனக்கும் ஏலாது" என்றார். ஆட்களைப் பட்டணத்தில் இறக்கிவிட்டுப்போய், பஸ்ஸை வீட்டுவளவில் வேப்பமரத்தின் கீழ் விட்டார். பிறகு அது வெளியே வரவேயில்லை.

முதல் கிழமைகளில் சனம் பிரதான வீதிவரை நடந்தது. தர்சிகாவும் நடந்தாள். கூட நடந்தவர்கள் அவளைத் திட்டவில்லை. ஆனால் அவள் கிட்ட வந்ததும் கதையை மாற்றினார்கள். ஆனி பிறக்கமுன் இரண்டு வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அடுத்தது சுவர்ணாவின் ஸ்கூட்டி. ஆவணியில் அந்த வீதியில் காலையில் நடந்து போனது தர்சிகா மட்டும்தான். முன்பு ஒரு பஸ்ஸில் நெரிந்து போன அத்தனை பேரும் இப்போது ஆளுக்கொரு எஞ்சினில் அவளைக் கடந்து போனார்கள்.

திணைக்களத்தின் அரையாண்டுக் காபன் குறைப்பு அறிக்கையில் சீவரத்தினத்தின் பஸ் வெற்றிக் கணக்கில் சேர்ந்திருந்தது. அதை வாசித்த கூட்டத்தில் தர்சிகா எழும்பினாள்.

"சேர், அந்தப் பஸ்ஸை நிப்பாட்டினது நான்தான். அது நஞ்சுப் புகை, நிப்பாட்டினது சரி. ஆனா அதுக்குப் பதில் ஒரு பஸ் விடேல்லை. இப்ப எங்கடை வீதியிலை முன்னையைவிடக் கூட எண்ணெய் எரியுது. இதைக் குறைப்பு எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரும் களைத்துப்போன மனிதர்தான்.

"நீர் சொல்லுறது விளங்குது, தர்சிகா. ஆனா எங்கடை வேலை புகை அளக்கிறது. பஸ் விடுறது வேறை ஆக்களின்ரை வேலை."

அந்த வேறு ஆட்களிடம், பஸ் விடுகிற போக்குவரத்துச் சபைக்காரரிடம், போனாள். பஸ் இருந்தால் சாரதி இல்லை. சாரதி கிடைத்தால் பஸ் திருத்தத்தில் கிடந்தது. லீவு போட்டு லீவு போட்டுப் போனாள். வீட்டில் புருசன், "உனக்கேன் உந்த வேலை?" என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

மார்கழி மழைக்குள் பஸ் வந்தது. புகையில்லாத நல்ல பஸ்தான். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். முதல்நாள் அதில் ஏறியவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். மறுநாள் தர்சிகா சுவர்ணாவின் வீட்டுப் படலையடியில் போய் நின்றாள்.

"சுவர்ணா, பஸ் விட்டிருக்கினம். ஆக்கள் ஏறாட்டி நிப்பாட்டிப்போடுவினம். நீயாவது வா."

சுவர்ணா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். "இனி ஏலாது அக்கா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டுக் கடைக்குப் போறன், பின்னேரம் ரியூசனிலை இருந்து ஏத்திறன். அதுக்கெல்லாம் பஸ் நிக்குமே? முந்தி வேறை வழியில்லாமல்தானே அதிலை தொங்கினனாங்கள்."

அதில் பிழை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தர்சிகா தலையை ஆட்டினாள்.

மாசியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சனம் இல்லை என்பது காரணம், அது உண்மையும்தான். அந்தக் கிழமை சுன்னாகம் சந்தையில் சீவரத்தினத்தைக் கண்டாள். மரக்கறிப் பையோடு நின்றவர் தானாக வந்து கதைத்தார்.

"உன்னிலை பிழையில்லை, பிள்ளை. நீ நிப்பாட்டாட்டிலும் அது எங்கையாவது நடுறோட்டிலை நிண்டிருக்கும். எனக்கு இப்ப காலமையிலை நித்திரை கொள்ள முடியுது."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். "முழங்கால் நோ எப்பிடி அண்ணை?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

இப்போது சுவர்ணாதான் அவளைக் காலையில் ஸ்கூட்டியில் ஏற்றிப் போகிறாள். இருவருக்கும் நடுவில் பிள்ளை புத்தகப் பையோடு இருக்கும். பரிசோதனை நடக்கும் சந்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே, பொலிஸ்காரரின் கண்ணில் ஸ்கூட்டி படமுன், தர்சிகா இறங்கிக்கொள்கிறாள். அவர்கள் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு திணைக்கள வானை நோக்கி நடக்கிறாள்.