தோணியில் தொண்ணூற்றொன்பது கிலோ

நாலு வருடத்துக்கு முந்தி, ஒரு மழைக்காலக் காலை. நாவற்குடாவிலிருந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு எனக்குப் புள்ளிவிபரவியல் முதுமாணிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே மூன்று வருடம் இழுத்த படிப்பு.

வாவியோரத்து நாலு கிராமங்களில் ஒரு தோணிக்கு ஒரு நாளில் எவ்வளவு மீன் படுகிறது என்பதுதான் என் ஆய்வு. அந்த முடிவை வைத்து ஒரு தொண்டு நிறுவனம் மூன்று கிராமங்களுக்கு வலை கொடுக்க இருந்தது. நாலாவது கிராமத்தில் மீன் நன்றாகப் படுகிறது, உதவி தேவையில்லை என்று எழுதியிருந்தேன்.

ஏறாவூர் தாண்டும்போது சும்மா பின்னிணைப்பைப் புரட்டினேன். நாலாவது கிராமத்தில் ஒருவர் ஒரே நாளில் 99 கிலோ பிடித்ததாக இருந்தது. ஐந்தாறு கிலோ பட்டாலே பெரிய காரியம். கீழே இன்னொரு 99. இன்னொன்று. பதில் சொல்லாதவர்களுக்கு அடையாளமாக நான்தான் 99 என்று அடித்திருந்தேன். கணக்குப் பார்க்கும்போது நீக்க மறந்துவிட்டேன். கம்ப்யூட்டர் அதையும் மீனாகக் கூட்டியிருந்தது. அந்தக் கிராமத்தில்தான் வெளியாள் விபரம் கேட்டால் வாய் திறக்கப் பயந்தவர்கள் அதிகம்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இறங்கும்வரை அதையேதான் நினைத்தேன்.

வாசலில் நின்ற மேற்பார்வையாளரிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. முதலில் பரீட்சை முடியட்டும், பிறகு திருத்தலாம் என்றார்.

"அடுத்த கிழமை வலை குடுக்கிறாங்க சேர்" என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே மூன்று பரீட்சகர்கள். எதையும் தொடங்காமல் பிழையைச் சொன்னேன். அவர்களில் மூத்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதுகள எடுத்துட்டுப் பார்த்தா என்ன முடிவு வரும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"அப்ப இங்கயே இருந்து பாருங்க. நாங்க இருக்கிறம்."

அவர்கள் பார்த்திருக்க லப்டொப்பைத் திறந்தேன். எல்லா 99ஐயும் நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் பார்த்தேன். கடைசியில் விடை வந்தது. நாலாவது கிராமத்தில்தான் எல்லாவற்றிலும் குறைவாக மீன் பட்டிருந்தது.

அன்றைக்குப் பட்டம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் திருத்தி எழுத ஆறு மாதம் தந்தார்கள். வெளியே வந்ததும் சேர் தன் போனிலேயே அந்த நிறுவனத்துக்கு எடுத்து, "பிழை எங்கட பக்கம்" என்றார். அந்த 'எங்கட' என்ற சொல்லைக் கேட்டுத்தான் அழுதேன்.

வலை நாலு கிராமத்துக்கும் போனது. பட்டமும் பிந்தி வந்தது. ஆனால் பேசப் பயந்த மனிதர்களை வசதியானவர்களாக எழுதிவிட்டேனே என்ற கூச்சம் மட்டும் இன்னும் போகவில்லை. அது போகாமல் இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.