சகலை கோத்த செயின்

பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ‘காது’ என்று பெயர். ஸ்க்ரூடிரைவர் முனையை ஓடுகிற எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அவருக்கு முன்னால் வேறு யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

பணம் காசைப் பார்த்து அவர் பொறாமைப்பட்டதில்லை. எதிர்க் கடைக்காரர் மாடி கட்டியபோது கூடமாட நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தார். வேலை தெரிந்தவர்களைக் கண்டால்தான் அவருக்கு வயிறு எரியும். பக்கத்து வீட்டு அம்மா தானே குழாய்க்கு வாஷர் மாற்றியபோது, “கசியும் பாரு” என்று நாள் தவறாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கசியவில்லை. அதற்கப்புறம் அந்த அம்மாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

எல்லாரையும்விட என் தங்கை கணவர்தான் அவருக்கு ஆகாதவர். சகலை லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் “பண்ணிடலாம்” என்பார். எப்போதும் சிரித்த முகம். “பல்லக் காட்டிட்டே வேலை செய்றான் பாரு” என்று இவர் என்னிடம் மட்டும் முணுமுணுப்பார்.

அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. நாங்கள் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. எங்களைவிட அதைத்தான் அதிகம் துடைத்திருக்கிறார். அதன் எஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. இவர் காது வைத்துக் கேட்டார்.

“டைமிங் செயின் தளர்ந்துபோச்சு மாமா. கீழ பிஸ்டன் ஏறி இறங்குறதையும் மேல வால்வு திறந்து மூடுறதையும் ஒண்ணாக் கட்டி வைக்கிறது அதுதான். எஞ்சின இறக்கித்தான் மாத்தணும். கடைக்கு அனுப்புங்க.”

“உங்க கடையில எத்தனை வண்டி பிரிச்சுப்போட்டபடி சாக்குப்பைக்குள்ள கிடக்குதுன்னு எனக்குத் தெரியும் மாப்பிள்ளை,” என்றார் அப்பா. “இறக்கின எஞ்சின் திரும்ப ஏறுமா?”

கூட நின்ற சகலை குனிந்து பார்த்தார். “எதுக்கு மாமா இறக்கணும்? லிஃப்ட்ல கயிறு மாத்தறப்ப, பழைய கயிறோட முனையில புதுசக் கட்டி இழுப்போம். பழசு வெளிய வர வர, புதுசு அது போன வழியிலயே உள்ள போயிடும். செயினும் அப்படித்தானே?”

“லிஃப்ட் வேற, எஞ்சின் வேற தம்பி.”

“ஆமாண்ணே. லிஃப்டுக்குள்ள ஆளு இருப்பாங்க. இதுல அந்த பயமும் இல்ல.”

அப்பா சிரித்துவிட்டார். வண்டி சகலை கைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தது. இவர் “சும்மா டீ குடிக்க வந்தேன்” என்று ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். டீ ஆறிப்போனது. சகலை எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். தூள் உள்ளே விழாமல் துணி அடைத்து, பழைய செயினின் கண்ணிகளைச் சேர்க்கிற ஓர் ஆணியைத் தேய்த்து எடுத்துப் பிரித்தார். ஒரு முனையில் புதுச் செயினைக் கோத்தார். எஞ்சின் உள்ளே சுழல, தங்கை பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். சகலை புதுசை உள்ளே விட வேண்டும். வெளியே வருகிற பழசைத் தளராமல் இழுத்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். முனை நழுவி உள்ளே விழுந்தால் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும்.

“அண்ணே, கொஞ்சம் பிடிக்கிறீங்களா? உங்க கைதான் சரி.”

இவர் எழுந்து போய்ப் பிடித்தார். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், இவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அவர் விரலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். மனசு என்ன சொன்னதோ, கை வேலையைத்தான் பார்த்தது.

புதுச் செயின் சுற்றி வந்தது. சகலை இரண்டு முனையையும் சேர்த்து ஆணி அடித்தார். “முடிஞ்சுது மாமா, உதைங்க!”

அப்பா கிக்கரில் காலை வைத்தார். இவர் டார்ச்சை வாங்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் குறை தேடுகிற மாமியார் மாதிரி ஒரு பார்வை.

“மாமா, காலை எடுங்க!”

இவர் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி நிறுத்தினார். “கீழ பல்சக்கரத்து மார்க் நேரா நிக்குது. மேல பாரு தம்பி. ஒரு பல்லு தள்ளி இருக்கு. செயினோட தொய்வ நீ தப்பான பக்கம் விட்டுட்ட. உதைச்சிருந்தா பிஸ்டன் போய் வால்வ இடிச்சிருக்கும்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அதைக் காணவில்லை. சகலையின் முகம் சுருங்குவதைப் பார்க்கத் தயாராக நின்றார்.

சகலை எட்டிப் பார்த்தார். “அட ஆமா! மாமா, வண்டியக் கொல்லப் பார்த்தேன். நல்லவேளை அண்ணன் இருந்தார்.” வாய்விட்டுச் சிரித்தார். “எப்படிண்ணே சரி பண்றது? சொல்லுங்க, கத்துக்கறேன்.”

“இவர நம்பி நான் தினம் லிஃப்ட்ல போறேன்,” என்றாள் தங்கை. அதற்கும் சகலை சிரித்தார். கட்டினவன் நாலு பேர் முன்னால் தப்புச் செய்தும் அவள் முகம் மாறவில்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் என்னவோ செய்தது.

இவர் மேல் பல்சக்கரத்தைக் கழற்றி, ஒரு பல் திருப்பி மாட்டினார். அப்பா ஒரே உதை உதைத்தார். வண்டி கிளம்பியது. கடகடப்பு இல்லை. அப்பா இவர் தோளைத் தட்டினார். இவருக்கு அது உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வாய் திறந்தார்.

“தப்புன்னு சொன்னதும் அவன் மூஞ்சியப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“கொஞ்சமாவது வாடுச்சா?”

“இல்லைங்க.”

“அது எப்படி அவனால முடியுது?”



சில நாள் கழித்துக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ரிப்பேர் முடிந்த வண்டியை எடுக்க வந்த ஒருவர், சைடு கண்ணாடி ஆடுகிறது என்று காட்டினார். வழக்கமாக இவர் ரோடு சரியில்லை என்று சண்டைக்குப் போவார். அன்றைக்கு, “அட ஆமா, நல்லவேளை பார்த்தீங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். உதடு மட்டும் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றது. வந்தவர் ஓரடி பின்னால் போனார்.

“என்னண்ணே, உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்ல,” என்று ஸ்பேனரை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு, கண்ணாடியை முறுக்க ஆரம்பித்தார்.