பாயின் டெஸ்டிங் சிம்

போன செவ்வாய், காலை பத்தே கால். ஆம்பூர் பஜாரில் ரஃபீக் பாயின் செல்போன் ரிப்பேர் கடைக்கு சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது மேஜை மேல் ஒரு டிபன் பாக்ஸ். திறந்தால் சோறு இல்லை. டவலில் சுற்றிய செல்போன். கூடவே டேனரி நாற்றம்.

கொண்டுவந்தவர் ஸ்டெல்லா. வேலூர் பாகாயத்தில் நர்ஸ். கணவர் அன்பு, தோல் பதனிடும் டேனரியில் தொழிலாளி. போன மாதம் ஒரு ஞாயிறன்று டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கினார். விஷவாயு. உடலைத்தான் தூக்கினார்கள். சட்டைப்பையில் இருந்தது இந்த போன்.

நிர்வாகம் என்ன சொல்கிறது? லீவு நாள், யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்து விழுந்துவிட்டார்...

"சர்ச்ல உக்காந்திருந்தோம் பாய். போன் அடிச்சுது. சூப்பர்வைசர் கூப்புட்றாரு, அடைப்பு எடுக்கணுமாம்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. அந்த நம்பர் இதுக்குள்ள இருக்கும்ல?"

"ஸ்டேஷன்ல காட்டலியாம்மா?"

"செத்த போனை வச்சிக்கினு இன்னா பண்றது, ஆன் பண்ணி எடுத்துக்கினு வான்றாங்க."

"செல் கம்பெனியில் கேட்டால்?" என்றேன் நான்.

"போலீஸ் கேட்டாத்தான் குடுப்பாங்க சார்," என்றார் பாய். "போலீஸுக்கு மொதல்ல நம்பரைக் காட்டணும்."

போனைப் பிரித்தார். பச்சை பூத்திருந்த போர்டை ஸ்பிரிட்டில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, டேபிள் லைட் சூட்டில் காயவைத்தார். வேறு பேட்டரி. பட்டனை அழுத்தினார் — திரையில் வெளிச்சம்!

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டார். "பொணத்தையே எழுப்புவ போலக்குதே பாய்!" என்ற பக்கத்து டீக்கடைக்காரர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. கஸ்டமர் சிம்மில் இன்கமிங் வருமோ, வராதோ? அதனால் எந்த போன் வேலை செய்ய ஆரம்பித்தாலும் தன் டெஸ்டிங் சிம்மைப் போட்டு, கடை லேண்ட்லைனிலிருந்து ஒரு ரிங் விடுவார். அடித்தால், முதுகில் பச்சை ஸ்டிக்கர் — 'ஓ.கே.' ஊரில் பாதி போன்கள் அந்த ஸ்டிக்கரோடுதான் அலைகின்றன. என்னுடையதும்தான்.

அடித்தது. ஒட்டினார். பிறகுதான் வந்த அழைப்புகளின் லிஸ்டைத் திறந்தார்.

ஒரே ஒரு நம்பர். கடை லேண்ட்லைன்.

"அவரு சிம்மைப் போடுங்க பாய்..." என்றார் ஸ்டெல்லா. போட்டார். இப்போது அந்த ஒரு நம்பரும் இல்லை.

 பாய் ஷோகேஸிலிருந்து அதே மாடல் போனை எடுத்தார். ரிங் விட்டார். லிஸ்டில் நம்பர் வந்தது. சிம்மை மாற்றினார். காலி. இன்னொரு தடவை செய்தார். காலி.

"இந்த மாடல்ல சிம் மாத்தினா லிஸ்ட் அழிஞ்சிடுது சார்... இத்தினி போன் பார்த்திருக்கேன். ரிங் வருதான்னு மட்டும்தான் பார்த்தேன்."

செய்து பார்க்க ஷோகேஸில் ஒரு போன் காலையிலிருந்தே இருந்தது. ஆனால் நாம் எல்லோருமே, இருக்கிற ஒரே ஒன்றில்தானே முதலில் கை வைக்கிறோம்?

"திரும்ப வராதா பாய்?"

"வராதும்மா."

"அப்ப... அவரு தானா போனதுதானா?"

 டீக்கடைக்காரர் கொண்டுவந்த டீ ஆடை கட்டியிருந்தது.

ஸ்டெல்லா போனை டவலில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்து மூடினார். அதன் முதுகில் பச்சை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.