டாலர் குறியை விழுங்கிய ஸ்கிரிப்ட்

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில், புதிய பாஸ்வேர்டில் ஒரு சிறப்புக் குறி கட்டாயம் என்றார்கள். நம் பூனையின் பெயரோடு டாலர் குறியும் ஏழும் சேர்த்துக் கொடுத்தது, பிள்ளைகளே, நீங்கள் இருவரும்தான். "யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுப்பா" என்று சிரித்தீர்கள்.

மறுநாள் காலை அதை ஸ்கிரிப்டில் மாற்றினேன். ஸ்கிரிப்ட் என்றால் கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள். இங்கே எடுத்த ரிப்போர்ட்டை ஊரப்பாக்கம் கிளைக்கு அனுப்புவது அதன் வேலை. அன்று பாஸ்வேர்ட் தவறு என்று நின்றுவிட்டது. நானே கையால் தட்டினேன், உள்ளே விட்டது! மறுபடி ஸ்கிரிப்டை ஓட்டினேன், மறுபடியும் தவறு. இன்னொரு முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். கையால் உள்ளே போய் எப்படி அனுப்புவது என்றும் எனக்குத் தெரியாது.

ஊரப்பாக்கம் கவுண்ட்டரில் இருக்கும் பெண் போன் செய்தாள்.

"சார், காய்ச்சல்ல வந்த அம்மாவோட பிளேட்லெட் ரிப்போர்ட் இன்னும் வரல. அதப் பாத்துதான் அட்மிட் பண்றதான்னு டாக்டர் சொல்லுவாராம். அவர் கிளம்பிக்கினு இருக்கார்."

"அவரைக் கொஞ்சம் நிறுத்தி வைம்மா."

வாயால் சொன்னால் டாக்டர் ஏற்க மாட்டார். அந்த ஸ்கிரிப்டை எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போன தம்பியைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, பேஜார் ஆகாதீங்க. இப்ப எதையும் அனுப்பாதீங்க. பாஸ்வேர்டை மட்டும் ஸ்கிரீன்ல காட்டச் சொல்லுங்க, இன்னா வருதுன்னு பாக்கலாம்."

காட்டச் சொன்னேன். பூனையின் பெயர் மட்டும் வந்தது. டாலரையும் காணோம், ஏழையும் காணோம்.

"பாஸ்வேர்டை டபுள் கோட்ஸ்ல, அதான் ரெட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டீங்களா? அதுக்குள்ள டாலரைப் பாத்தா, அதுக்குப் பின்னால இருக்கறத ஒரு பேரா எடுத்துக்கிட்டு, அந்தப் பேர்ல எதையோ வச்சிருக்கோம்னு நெனச்சுத் தேடும்ணா. எதுவும் இல்லன்னா காலியா விட்டுடும். சிங்கிள் கோட்ஸ், ஒத்தை மேற்கோள் குறி போடுங்க, எழுதினத அப்படியே எடுத்துக்கும்."

போட்டேன். முழுசாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

"வந்துடுச்சு சார்!" என்றாள் அந்தப் பெண். பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. அந்த அம்மாவை உடனே அட்மிட் செய்யச் சொன்னாராம்.

பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன். இரண்டு கோட்ஸும் பாஸ்வேர்டைப் பாதுகாக்கத்தானே? ஒன்றுக்குள் டாலர் பத்திரமாக இருக்கிறது, இன்னொன்றுக்குள் தொலைந்துபோகிறது. உங்களிடம் கேட்டால் "அதுதான்பா ரூல்" என்கிறீர்கள். அந்த அம்மா குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். நான் இப்போதும் ஸ்கிரிப்டில் எதை மாற்றினாலும், அனுப்புவதற்கு முன் ஸ்கிரீனில் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.