சேராத பிள்ளைக்குச் சளி வராது

கையில் கொடுத்த லேப்டாப்பை அவர் உடனே திறப்பதில்லை. கவிழ்த்துப் பிடித்து, சூட்டுக் காற்று வெளியேறும் துவாரங்களில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுக்கிறார். தூசியா, சிந்திய காப்பியா, கருகலா என்று பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடுமாம். பிறகுதான் கேள்வி: "வீட்ல யார் யார் இதைத் தொடுவாங்க?" என்னுடையதை முகர்ந்துவிட்டு, "பிஸ்கட் சாப்டுகிட்டே எழுதுவீங்களோ?" என்றார். இல்லவே இல்லை என்றேன். விசைகளுக்கு இடையிலிருந்த சாட்சிகளைத் தட்டி மேசைமேல் கொட்டினார்.

சலவைக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே, இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அகலத்தில் அவருடைய பழுதுபார்க்கும் கடை. ஆள் ஒல்லி. நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியைக் கடை முழுக்கத் தேடுகிற பழக்கம் உண்டு. வைரஸைத் தடுக்கும் மென்பொருளுக்கு அவர் அகராதியில் ஊசி என்று பெயர். "ஊசி போட்டிருக்கா? எப்போ போட்டது? போட்டுட்டு அப்படியே விட்டுட்டீங்களா?" என்று வருகிறவர்களையெல்லாம் குடைந்து குடைந்து, தெருவில் அவரே ஊசிக்காரர் ஆகிவிட்டார்.

சுவரில் ஒரே ஓர் அறிவிப்பு, சிவப்பு மையில்: 'சொல்லாமல் பிடுங்காதீர்கள்.' பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்கையோ கழற்றும் முன் கம்ப்யூட்டரிடம் சொல்லி, அது சரி என்ற பிறகே எடுக்க வேண்டும். அவசரக்காரர் ஒருவர் என் கண்ணெதிரே வெடுக்கென்று உருவினார். "அது உள்ள எழுதிகிட்டு இருக்கும் சார். நீங்க பேசிகிட்டு இருக்கறப்ப பாதியில வாயைப் பொத்தினா எப்படி இருக்கும்?" என்று ஊசிக்காரர் பிடித்த பிடியில், அந்த மனிதர் பென் டிரைவிடமே மன்னிப்புக் கேட்டுவிடுவார் போலிருந்தது.

எந்தக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வராது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார். "விண்டோஸ் பள்ளிக்கூடம் போற புள்ளை மாதிரிங்க. முக்காவாசி வீட்ல அதான் இருக்கு. எல்லாரோடயும் பழகும், கண்டதை வாயில வைக்கும், ஊர்ல இருக்கற சளியெல்லாம் வாங்கிட்டு வரும். அதுக்காகப் புள்ளையைக் குத்தம் சொல்ல முடியுமா? வைரஸ் எழுதறவன் கூட்டம் எங்க இருக்கோ அங்கதானே வருவான்." அப்படியானால் மேக்? "அது ஒத்தப் புள்ளை. பொத்திப் பொத்தி வளப்பாங்க. சளி கொறைச்சல்தான். ஆனா வந்தா அந்த அம்மா நம்பாது. என் புள்ளைக்கா, இருக்கவே இருக்காதுன்னு சொல்லும்." லினக்ஸ் என்று வரும்போது மட்டும் அவர் குரல் தணிகிறது. "அது யாரோடயும் சேராத புள்ளை. எதைத் தொடணும்னாலும் அனுமதி கேக்கும். நல்ல புள்ளைதான். பெரும்பாலும் சேராததாலதான் சளி வரலை. உடம்பே இரும்புன்னு நெனைச்சுடக் கூடாது. நான் நெனைச்சேன்."

அவர் என்ன நினைத்தார், அதனால் என்ன போயிற்று என்று புரிய அவர் மனைவியைப் பார்க்க வேண்டும். கடையின் உள்மேசையில், ஒரு பழைய கீபோர்டுக்கும் பெரிய திரைக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருக்கும். தொண்டையில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் பேச்செல்லாம் திரையில்தான், வாசலில் நிற்பவருக்கும் தெரிகிற பெரிய எழுத்தில். பிஸ்கட்டே தொட்டதில்லை என்று நான் சாதித்தபோது 'முழுப் பூசணிக்காய்' என்று மட்டும் அங்கே வந்தது. எழுதியதை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை மகள் போட்டுக் கொடுத்தாளாம். ஒரே நாளில் அணைத்துவிட்டார். 'எவளோ ஒருத்தி என் வீட்டுக்காரரை என்னங்கன்னு கூப்பிடறா' என்று காரணமும் எழுதினார்.

குரல் இருந்த காலத்தில் மைக் சோதனை அவர் இலாகா. பழுது பார்த்த ஒவ்வொரு மைக்கையும் ஊசிக்காரர் மனைவியிடம் நீட்டுவார். அவரும் வாயில் வந்ததைப் பேசுவார். "ஒன்னு, ரெண்டு, மூணு. மைக் வேலை செய்யுது. ரிப்பேர்காரர்தான் டீ குடிக்கப் போயிட்டார்." ஒரு நாள் வாங்க வேண்டிய காய்கறி, ஒரு நாள் நாத்தனாரைப் பற்றிய குறை, ஒரு நாள் வெறும் கொட்டாவி. "இவ குரல் எங்க ஏறும், எங்க இறங்கும்னு காதுக்கு அத்துப்படி. அது சரியா கேட்டா மைக் சரின்னு அர்த்தம்," என்கிறார் அவர். அத்தனையையும் அழிக்காமல், கடையிலிருந்த தன் சொந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'மைக்' என்று பெயரிட்ட ஃபோல்டரில் சேர்த்து வைத்தார்.

கடையில் எந்தக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாலும் நேரே அங்கே போய் விழட்டும் என்று அந்த ஃபோல்டரை எல்லாவற்றுக்கும் திறந்து வைத்திருந்தார். எது வேண்டுமானாலும் அதில் எழுதலாம், மாற்றலாம். லினக்ஸ்தானே, என்ன ஆகிவிடும்? ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் விண்டோஸ் கம்ப்யூட்டரை அதே இணைப்பில் மாட்டினார். உள்ளே இருந்தது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரக வைரஸ். லினக்ஸுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அது திறந்து வைத்திருந்த ஃபோல்டர்தான் முழுசாகப் பூட்டிக்கொண்டது. "சேராத புள்ளைக்கு சளி வரலைங்க. பக்கத்துல உக்காந்த புள்ளை அது பைக்குள்ள கையை விட்டுருச்சு." நகல் ஒன்று இருந்தது. ஆனால் தானாக நகலெடுக்கும் ஏற்பாடு, பூட்டிய கோப்புகளையே கொண்டுபோய் நல்ல நகல்களின் மேல் விசுவாசமாக எழுதிவிட்டது. ஊருக்கெல்லாம் ஊசி போட்டவர் வீட்டில் இப்படி. வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்று மனைவி சிரித்திருக்கிறார். "போனா போகுது விடுங்க. நான் இங்கதானே இருக்கேன்? திரும்பப் பேசித் தந்தாப் போச்சு." பேசலாம், பேசலாம் என்று இருவரும் இருந்துவிட்டார்கள். பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு வந்தது. சளி என்றே நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் உண்மை தெரிவதற்குள் குரல் வேறாகிவிட்டது. அறுவைக்கு முன்தினம் ஊசிக்காரர் மைக்கை நீட்டினார். மனைவி அதைத் தள்ளிவிட்டார். "இது என் குரல் இல்ல. இதை வெச்சுக்காதீங்க." அவர் வைத்துக்கொள்ளவில்லை.

பூட்டிய ஃபோல்டர் இருந்த டிஸ்கைக் கழற்றி, பழைய பனியன் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். இப்படிப் பூட்டுகிற கூட்டம் எங்காவது பிடிபட்டால், அவர்களிடமிருந்த, பூட்டைத் திறக்கும் சாவிகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுவதுண்டு. கடையைத் திறந்ததும் ஊசிக்காரர் முதலில் பார்ப்பது அப்படி ஏதாவது சாவி வந்திருக்கிறதா என்றுதான். "பெருசா ஒன்னும் வேணாம் சார். கத்திரிக்காய் கால் கிலோன்னு சொல்வா பாருங்க, அது ஒன்னு கெடைச்சாப் போதும்." இதைச் சொல்லும்போது அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. மனைவியின் கட்சி வேறு. 'அந்த டிஸ்கைக் குப்பைல போடுங்க. இடத்தை அடைக்குது' என்று எத்தனையோ முறை எழுதிக் காட்டியாயிற்று.

லேப்டாப்பைத் திரும்ப வாங்க நான் போன காலையில் சாவி வந்திருந்தது. "அதே வைரஸ் சார். அதே பேரு," என்றார். டிஸ்கை மாட்டும்போது வயர் இரண்டு தடவை வழுக்கியது. மனைவி சுத்தமாக இருந்த கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியிட்டிருந்த சாவிகள் ஒவ்வொன்றாகப் பூட்டில் நுழைந்து பார்த்தன. எதுவும் திறக்கவில்லை. சாவிகளோடு வந்திருந்த இணைய அறிவிப்பின் அடியில் இருந்த வரிகளை ஊசிக்காரர் எனக்காகச் சத்தமாகப் படித்தார்: அந்தக் கூட்டத்திடம் கிடைத்தவை இவ்வளவுதான், மற்ற சாவிகளை அவர்களே அழித்துவிட்டார்கள், இனி வர வழியில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "சரி, டிஸ்க் நல்ல டிஸ்க். யாருக்காவது ஆகும்," என்றார். பிறகு உள்மேசையைப் பார்த்து, "நீ சொன்னதுதாம்மா சரி. இடத்தை அடைக்குது," என்று சொல்லிவிட்டு, முழுவதையும் துடைத்தெடுக்கும் கட்டளையைத் தட்டினார். 'எல்லாம் அழிந்துவிடும். தொடரலாமா?' என்று திரை கேட்டது. அவர் விரல் விசைமேல் போய் உட்கார்ந்தது.

மனைவி எழுந்து வந்தார். ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. கணவரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தச் சிவப்பு மை அறிவிப்புக்கு நேர் கீழே, டிஸ்கின் வயரை வெடுக்கென்று பிடுங்கினார்.