பத்தொன்பது என்கிற சராசரி

மணிமொழி டீச்சர் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்துவிட்டால் எந்த அம்பயரும் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்வார். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். பிழைப்பு திருவண்ணாமலை டவுனில், ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம். மட்டையைக் கையில் தொட்டதே இல்லை. தம்பியின் ஆட்டத்துக்கு ஒருநாள் ஸ்கோரர் வராமல் போக, பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், பன்னிரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை. மாவட்டக் கிரிக்கெட் லீகுக்கு அட்டவணை போடுவது, ஸ்கோர் எழுதுவது, தேர்வுக் கூட்டத்தில் சராசரி வாசிப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

"ஆளப் பாத்து எடை போடாதீங்க, புக்கப் பாருங்க" என்பார். அதில் அவருக்குக் கர்வம் இல்லையென்று சொன்னால் அது பொய்.

அந்தப் புத்தகப்படி அருள்ராஜ் தேறாத ஆள். டூவீலர் மெக்கானிக்; கேட்பாரில்லாத சின்ன அணி ஒன்றின் தொடக்க ஆட்டக்காரன். சராசரி பத்தொன்பது. போன வருஷம் டீச்சர் அதை வாசித்ததுமே அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். மாவட்ட இளைஞர் அணிக்கு இருபத்தைந்து வயதுதான் வரம்பு. அருள்ராஜுக்கு இந்த வருஷத்தோடு சரி.

இந்த வருஷக் கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு, பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். கிரிவலத்துக்கு வரும் சிறப்புப் பேருந்துகள் நிற்பதும் லீக் நடப்பதும் ஒரே மைதானம். நடுவில் கயிறு கட்டித்தான் வைக்கிறார்கள், எந்த டிரைவர் அதைப் பார்க்கிறார்? சக்கரத் தடத்தின் மேலேயே பிட்ச்சுக்கான விரிப்பைப் போட்டு ஆட வேண்டியதுதான். மூன்றாவது ஓவரில், சாதாரணமாக விழுந்த பந்து ஒன்று எகிறி அருள்ராஜின் விலாவில் அடித்தது. அவன் தடவிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தது தரையோடு தரையாக வந்தது. அதற்கும் மட்டை நேராக இறங்கியது. அறுபத்திரண்டு பந்து நின்று பதினேழு ரன். பந்தின் பளபளப்பு போன பிறகு இறங்கிய ஐந்தாவது ஆள் விளாசித் தள்ளி ஐம்பது அடித்துக் கைதட்டலை வாங்கிக்கொண்டு போனான்.

இந்த மாதிரி ஞாயிறு இவனுக்கு எத்தனை வந்திருக்கும் என்று டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு வருஷத்து ஸ்கோர் புத்தகங்களையும் காலண்டர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அருள்ராஜ் ஆடிய பதினான்கு ஆட்டங்களில் ஒன்பது, பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அந்த ஒன்பதிலும் எதிரணித் தொடக்கக்காரர்கள் இருபது பந்து தாங்கவில்லை. இவன் சராசரியாக ஐம்பது பந்து நின்றிருக்கிறான். மீதி ஐந்து ஆட்டங்களில் இவன் சராசரி முப்பத்தாறு. சராசரி நாற்பத்தொன்று வைத்திருக்கும் பெரிய கிளப் தொடக்க ஆட்டக்காரன் கோபிக்கு அந்த மாதிரி ஞாயிறு ஒன்றுகூட இல்லை.

தலையெழுத்து என்று தள்ளிவிட முடியாது, அட்டவணை போட்டது அவரேதான். பெரிய கிளப்காரர்கள் முன்கூட்டியே போன் போட்டுவிடுவார்கள்: "டீச்சர், பௌர்ணமிக்கு அடுத்த வாரம் மட்டும் நமக்கு வேணாம்." கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார். கேட்கத் தெரியாதவர்களுக்கு மிச்சம் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் பன்னிரண்டு வருஷத்துப் பேர் போய்விடும். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வுக் குழுத் தலைவர் திருமலை பழைய வேகப்பந்து வீச்சாளர். கூட்டத்தில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "அருள்ராஜ் எவ்ளோ டீச்சர்?" என்றார்.

"பத்தொம்போது சார். ஆனா அத நம்பாதீங்க."

"இன்னா டீச்சர், நீங்க எழுதுனதுலயே தப்பா?"

"எழுதுனதுல இல்ல சார். நான் மேட்ச் போட்டதுல."

பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுகளைக் குறித்திருந்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். திருமலை தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போன வருஷமும் இதேதானா?"

"ஆமா சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கோபிக்கு ஜோடியாக இறங்க அருள்ராஜ் பெயரை எழுதினார்.

அவனுக்குச் சொல்லும் வேலையை டீச்சர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். செலக்ட் ஆன சேதியைக் கேட்டதும் போனில் அவன் சிரித்துவிட்டான். ஒர்க்‌ஷாப்பில் யாரையோ கூப்பிட்டுச் சொன்னான். டீச்சர் அதோடு விடவில்லை; அட்டவணை விஷயத்தையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"டீச்சர், ரெண்டு வருஷமா காலு வெக்கறத மாத்தினேன், புடிய மாத்தினேன். எனக்கு ஆட்டமே வர்லன்னு நெனச்சிகினு இருந்தேன். அப்ப நான் நல்லாத்தான் ஆடிகினு இருந்தனா?"

"நல்லாத்தான் ஆடினப்பா. நான்தான் உன்னத் தப்பாப் படிச்சிட்டேன்."

செலக்‌ஷனுக்குச் சிரித்தவன் இதற்கு விசும்பினான். டீச்சர் போனை வைக்காமல், அவன் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.